அம்மா கேட்ட கேள்விகள்

எங்கள் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, 1971-ல் வாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. 1977-ல் கண்ணை மூடும்வரை புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு ரேழியில், ஒரு கயிற்றுக் கட்டிலில்தான் அவருடைய வாழ்க்கை. 1974 பொங்கலன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. தெருவெல்லாம் அதுதான் பேச்சு. அம்மாவுக்கு அன்றைக்கும் ஒரு கையில் பொங்கல் பானை, மறு கையில் அப்பாயியின் மூத்திரச் சட்டி.

அப்பாயியைப் புரட்டிப் படுக்க வைக்க அம்மா ஒரு முறை வைத்திருந்தார். அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியை நாலாக மடித்து, அப்பாயியின் தோளிலிருந்து தொடைவரை அடியில் விரித்திருப்பார். ஒரு முழங்காலைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு, வேட்டியின் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பார். உடம்பு மெதுவாக ஒருக்களிக்கும். முதுகில் காற்றுப் படும். எங்காவது தோல் சிவந்திருக்கிறதா என்று அரிக்கேன் வெளிச்சத்தில் தடவிப் பார்த்துவிட்டு, இடுப்புக்கு ஒரு தலையணையைச் செருகுவார். பகலில் இது பலமுறை நடக்கும். இரவிலும் எழுந்து எழுந்து செய்வார். அப்பாயி இறந்தபோது அவர் முதுகில் ஒரு புண் கிடையாது. இதைச் செய்ய அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நர்ஸிங் புத்தகம் எதையும் அவர் பார்த்ததில்லை.

"மாமியாரைக் கோயில் சிலை மாதிரி வச்சுப் பாத்துக்கிட்டா" என்று அம்மாவைப் பற்றி எங்கள் தெருவில் இன்றைக்கும் பேச்சு உண்டு. அது உண்மை. ஆனால் அந்தப் பேச்சில் வராத இன்னொரு உண்மையும் இருக்கிறது. அப்பாயி படுத்த அன்று அம்மாவுக்கு 28 வயது. மூன்று பிள்ளைகள், கடைசி ஒன்று கைக்குழந்தை. "நீ பார்த்துக்கொள்வாயா?" என்று அவரிடம் அப்பா கேட்கவில்லை, அத்தைகள் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஒன்று என்று யாருக்கும் தோன்றவேயில்லை. அப்பா ஆபீஸ் விட்டு வந்ததும் கட்டில் ஓரம் உட்கார்ந்து "சாப்ட்டியா ஆத்தா?" என்று கேட்பார். அப்பாயியின் கண் ஈரமாகும். மகன் என்ற கடமை அத்தோடு முடிந்துவிடும். அந்த ஆறு ஆண்டில் அம்மா தன் பிறந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. தன் தம்பி கல்யாணத்துக்குக்கூடத் தாலி கட்டும் நேரத்துக்குப் போய், சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் பஸ் ஏறியவர் அவர்.

அப்பாயிக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. "இந்த வயசுக்கு மேல எதுக்கு ஆபரேஷன்?" என்று விட்டுவிட்டார்கள். வாதம் வந்த கையை அசைக்கப் பயிற்சி கொடுத்தால் கொஞ்சமாவது மீளும் என்று சொல்ல ஆளில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கியதே 1978-ல்தான். நாட்டிலேயே அதுதான் முதல். அப்பாயி அதற்கு ஒரு வருஷம் முந்திப் போய்விட்டார்.

"அந்தக் காலத்துல பெரியவங்களைத் தெய்வமா வச்சிருந்தோம், இப்பத்தான் இல்லத்துல தள்றாங்க" என்று மேடையில் யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. மகனும் மருமகளும் உள்ள வீடுகளை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு அது. எங்கள் திருக்கோகர்ணத்துக் கோயில் பாறையைக் குடைந்து எடுத்த பழங்கோயில். அங்குள்ள அம்மன் பிரகதாம்பாள், புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். சமஸ்தானக் காலத்தில் நவராத்திரிக்கு அரிசிப்படியோடு அம்மன் காசும் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட கோயிலின் முன்மண்டபத்தில், நான் சிறுமியாக இருந்தபோது, பிள்ளையில்லாத ஒரு கிழவி படுத்துக் கிடப்பார். உண்டைக்கட்டியும் பட்டைச்சோறும்தான் அவருக்கு. மழைக்காலத்தில் ஒருநாள் அவரைக் காணவில்லை. யாரும் தேடவும் இல்லை. விருதுநகர்ப் பக்கத்துத் தலைக்கூத்தல் வழக்கத்தையும் மறந்துவிட முடியாது. படுத்துவிட்டவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாவுக்கு அனுப்பிவைத்த வழக்கம் அது. அதைச் சொன்ன 'பாரம்' படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தக் காலத்திலும் முதுமை பலருக்குக் கொடுமையாகத்தான் இருந்தது.

முதியோர் இல்லம் என்பதும் நேற்று முளைத்ததில்லை. 1782-ல் பஞ்சத்தில் அடிபட்டுச் சென்னைக்கு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு மணியக்காரர் தொடங்கிய சத்திரம்தான் ராயபுரத்து மணியக்காரர் சத்திரம். கஞ்சித்தொட்டி என்றால் வடசென்னையில் இன்றும் தெரியும். ஆதரவற்ற முதியோருக்கு அது இடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் வந்தது. 1978-ல் சாவித்திரி வைத்தி சென்னையில் 'விச்ராந்தி'யைத் தொடங்கினார். ஆதரவில்லாத வயதான பெண்களுக்கு இலவசமாக ஓர் இல்லம். அப்படி ஓர் இடம் தேவைப்பட்ட பெண்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மாறியது இதுதான்: அன்றைக்குப் படுத்தவர் பெரும்பாலும் சீக்கிரம் போய்விடுவார். இடுப்பு எலும்பு முறிந்தால், சளி நெஞ்சில் இறங்கினால், சில வாரம். சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு அளவில் இருந்தது, இன்றைக்கு 70. குழந்தைச் சாவு குறைந்ததால் கூடிய கணக்கு அதில் பெரும்பங்கு என்றாலும், எண்பதைத் தாண்டுகிறவர்கள் இன்று தெருவுக்குப் பலர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், கேரளத்துக்கு அடுத்து பெரிய மாநிலங்களில் நாம்தான். 2036-ல் ஐந்தில் ஒருவர் அந்த வயதில் இருப்பார் என்பது அரசின் கணிப்பு. பிள்ளைகள் இரண்டு, மூன்று. அவர்களும் ஊரில் இல்லை.

எங்கள் வீட்டுக் கதையும் அதேதான். அண்ணன் சிங்கப்பூர், தம்பி சென்னை, நான் மதுரை. அப்பா 2011-ல் போனபின் அம்மா அந்த வீட்டில் தனியாக இருந்தார். தனியாக என்றால் அநாதையாக இல்லை. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபிறகு ரத்த அழுத்த மாத்திரையை ஒரு பெண் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து, கையைப் பிடித்து அழுத்தம் பார்த்துவிட்டுப் போவார். வெள்ளிக்கிழமை கோயில். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு. இதுவே முதியோர் பராமரிப்பில் முதல் வழி, முடிந்தவரை சிறந்த வழி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்: சொந்த வீடு, தெரிந்த தெரு, கூப்பிட்டால் வரும் உதவி. ரேஷன் பொருளை முதியவர் வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம், பகலில் மட்டும் போய் இருந்துவிட்டு வரும் அன்புச்சோலை மையங்கள் என்று 2025-ல் அரசு தொடங்கியவையும் இந்த வழியை நீட்டிப்பதற்குத்தான். பகல்நேர மையம் எல்லாத் தாலுகாவிலும் வர வேண்டும். வந்தால் இல்லத்துக்குப் போகும் முதியவர் பலர் இன்னும் சில வருஷம் வீட்டிலேயே இருப்பார்கள்.

2023-ல் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. திருச்சியில் ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்த சமயத்தில் நாங்கள் மூவரும் வீடியோ காலில் கூடினோம். அண்ணன் ஒரு பட்டியல் வைத்திருந்தார். தம்பி விலை விசாரித்து வைத்திருந்தான். பக்கத்து அறையிலிருந்து வாக்கர் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. அம்மா வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னைப் பத்தித்தானே பேசுறீங்க? நானும் இருக்கேன்."

கொஞ்ச நேரம் எங்கள் பேச்சைக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஒங்க அப்பாயியப் பாக்கச் சொல்லி என்னைய யாரும் கேக்கல. நான் குறை சொல்லல, அந்தக் காலம் அப்புடி. இப்ப நான் படுக்கப் போறேன். இப்பவும் என்னையக் கேக்காமலே முடிவு பண்ணிராதீங்கப்பா."

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்துக்கொள்ளப் போகிறவரைக் கேட்கவில்லை. இன்றைக்கு யாரைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்களோ அவரைக் கேட்பதில்லை. எத்தனையோ வீடுகளில் இந்த இரண்டு பேரும் ஒரே பெண்தான். இதை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

அம்மாவின் விருப்பம் எங்களில் யாரும் எதிர்பார்க்காதது. தம்பி வீட்டுக்குப் போக அவர் ஒப்பவில்லை. தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். "காலையில எட்டு மணிக்குப் பூட்டி ராத்திரி எட்டு மணிக்குத் தொறக்குற வீட்டுல நான் யார்கிட்ட பேச? அந்தப் பொண்ணு வேலைய விட்டுட்டு வந்து ஒக்காரணும். நான் செஞ்சத இன்னொரு வீட்டுப் பொண்ணு செய்ய வேணாம்" என்றார். தம்பி மனைவி அதைக் கேட்டு அழுதாள். அம்மா அவளுக்கு ஆறுதல் சொன்னார், முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

திருக்கோகர்ணத்திலேயே வீட்டோடு ஆள் வைத்துப் பார்த்தோம். ஏஜென்சி அனுப்பிய பெண்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் தங்கமானவர், மகளுக்குப் பிரசவம் என்று போனவர் வரவில்லை, எப்படி வருவார்? இரவு பகல் இருபத்துநாலு மணி நேரமும் ஒரே ஆள். தூக்கம் கிடையாது, லீவு கிடையாது, நாங்கள் கட்டிய பணத்தில் ஒரு பகுதி ஏஜென்சிக்கு. வீட்டு மருமகளின் தலையில் இருந்த சுமையை எடுத்து, கிராமத்திலிருந்து வந்த இன்னொரு ஏழைப் பெண்ணின் தலையில் வைத்திருக்கிறோம் என்று அம்மாவுக்குத்தான் முதலில் பட்டது. "அவளும் தூங்கணும்ல?" என்று அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு, இரவில் தானே எழுந்து, மறுபடி விழப் பார்த்தார். வீட்டோடு ஆள் வைப்பதானால் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், வாரம் ஒருநாள் மாற்று ஆள் என்று மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதுதான் நியாயமான கணக்கு. எங்களால் அது முடியவில்லை.

அதன்பிறகுதான் இல்லம் பார்க்கப் போனோம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்புகள் 2000-க்குப் பிறகு நிறைய வந்திருக்கின்றன. தனித்தனி வீடு, பொதுச் சாப்பாட்டுக்கூடம், நடைபாதை, கச்சேரி. அறுபது, அறுபத்தைந்தில் தம்பதியாக, கைகால் நன்றாக இருக்கும்போது போகிறவர்களுக்கு அருமையான இடம். விலை பெரும்பாலும் அரைக்கோடியைத் தொடும். வாங்குவதற்கு முன்னால் ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள்: தன் வேலையைத் தானே செய்ய முடியாத நிலை வந்தால் என்ன? சொந்தச் செலவில் ஆள் வைத்துக்கொள் என்கிறார்களா, வேறு பிரிவுக்கு மாற்றுகிறார்களா, வெளியே போகச் சொல்கிறார்களா? கட்டியவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்று மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் மாதிரி விதிமுறைகள் வெளியிட்டது. கட்டியவர் கைகழுவிவிட்டுப் போனால் சோறு போடுவது யார் என்ற கேள்வியிலிருந்து எழுந்ததுதான் அது. வாக்கரோடு இருக்கும் 80 வயது அம்மாவுக்கு அந்த இடம் பொருந்தாது. அவரே சொல்லிவிட்டார்.

திருச்சிப் பக்கத்தில் பார்த்த ஓர் இல்லத்தில் வாசலில் நீரூற்று, வரவேற்பறையில் பளிங்கு. மேலாளர் ஏசி அறையில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார். அம்மா ஜூஸை வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, ராத்திரி ரெண்டு மணிக்கு நான் பாத்ரூம் போகணும்னா யாரு வருவா?" பெல் இருக்கிறது என்றார் அவர். "பெல்லு சரி. அடிச்சா யாரு வருவா?" கீழே செக்யூரிட்டி எடுப்பார், அவர் மாடிக்கு போன் செய்வார் என்று பதில் வந்தது. மாடியில் இரவுக்கு ஒரே ஒரு பெண். அம்மா எழுந்துவிட்டார். அந்த நீரூற்றை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று காரில் வரும்போது கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆறு ஆண்டு ஒருவரைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்த பெண்ணுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. எந்த இல்லத்துக்குப் போனாலும் முதலில் கழிவறைக்குத்தான் போவார். மூக்கும் கண்ணும் அங்கே வேலை செய்யும்: வாடை இருக்கிறதா, தரை ஈரமா, கைப்பிடிக் கம்பி சுவரில் ஆடாமல் இருக்கிறதா. பிறகு கேள்விகள். குளிப்பாட்டுவது தினமும் ஒரே ஆளா, மாறி மாறியா? சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ள விடுவீர்களா? கால் நகம் யார் வெட்டுவது? மாத்திரை கொடுத்தால் நோட்டில் எழுதுவீர்களா, அந்த நோட்டைக் காட்டு. படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வீர்களா, கூட்டிப்போ என்பீர்களா? கடைசியாக ஒன்று கேட்பார், அதில் மேலாளர்கள் திகைத்துப் போவார்கள்: "இங்க எறந்தவங்க எப்புடி எறந்தாங்க? பக்கத்துல யாரு இருந்தா?"

அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர் ஒரே ஒருவர். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். திருச்சி நகரத்துக்கு வெளியே, புதுக்கோட்டை ரோட்டிலிருந்து எட்டக்கூடிய இடத்தில் சின்ன இல்லம் நடத்துகிறார். "சிலர் ஆஸ்பத்திரியில, சிலர் இங்கயே. இங்க போனவங்க கையப் பிடிச்சிட்டு நானோ இந்தப் பொண்ணுகள்ல ஒருத்தியோ இருந்திருக்கோம். ஒருத்தர் மட்டும் தூக்கத்துல போயிட்டாரு, காலையிலதான் பாத்தோம்" என்றார். மறைக்காமல் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான் அம்மாவுக்குப் பிடித்திருக்க வேண்டும். "ஒரு ஆளப் பொரட்டிக் காட்டு தாயி" என்று அங்கிருந்த இளம்பெண்ணிடம் கேட்டார். அவள் சங்கடப்படாமல், படுக்கையில் இருந்த ஒரு பாட்டியிடம் அனுமதி கேட்டுவிட்டு, அடியில் மடித்துப் போட்டிருந்த விரிப்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அங்கே ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டுத்தான் சேர்ந்தார். இது முக்கியம். ஒரு மாதம் தங்கிப் பார்க்க விடாத இல்லத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்த மாதத்தில் நாங்கள் சொல்லாமல் போய்ப் பார்த்தோம், முக்கியமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. மேலாளர் பக்கத்தில் இல்லாதபோது மற்ற முதியவர்களிடம் பேசினோம். காகிதத்தையும் பார்த்தோம்: மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவு பெற்றிருக்கிறதா, டாக்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரி, முன்பணத்தில் எவ்வளவு திரும்ப வரும், கட்டணம் எப்போது எவ்வளவு ஏறும், டயப்பர் செலவு தனியா. திருச்சிப் பக்கம் எங்களிடம் சொன்ன மாதக் கட்டணம் 18,000-லிருந்து 35,000 வரை இருந்தது. அதிகம் கேட்ட இடத்தில் ராத்திரி ஆள் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மறதி நோய் வந்தவருக்கு இந்தக் கணக்கு எதுவும் போதாது. எங்கள் ஊர் அம்மனை அரைக்காசு அம்மன் என்பார்கள்; பொருள் தொலைந்தால் வெல்லம் வைத்து வேண்டிக்கொள்வது வழக்கம். மோதிரம், சாவி, பத்திரம். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் அப்பாவைத் தொலைத்துவிட்டு வெல்லம் வைத்தது. வாசல் திறந்திருந்தது, நடந்து போய்விட்டார். மறுநாள் கீரனூர் பஸ் நிலையத்தில் கிடைத்தார். அவர் மறந்துபோகிறார் என்று வீட்டில் இரண்டு வருஷமாகத் தெரியும். வயசானால் அப்படித்தான் என்று டாக்டரிடம் காட்டவில்லை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக ஆய்வு சொல்கிறது. இவர்களுக்குப் பூட்டிய வாசலும், பழகிய முகங்களும், அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். சாதாரண இல்லம் ஒன்றில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள், பிறகு இடத்தைத் தேடுங்கள்.

வீட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அம்மா இல்லத்துக்குப் போகிறார் என்றதும் உறவில் சிலர், "இருக்கும்போதே வீட்டைப் பிள்ளைங்க பேருக்கு எழுதிரு" என்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். அம்மா எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. அதன் 23-வது பிரிவின்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். நிபந்தனை இருந்தது என்பதைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியவருக்கு நன்மையாகும்படி சட்டத்தைப் படிக்க வேண்டும் என்றது. எழுதித்தான் தீர வேண்டும் என்றால், அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 'அன்பின் காரணமாக' என்ற வரியோடு நிறுத்தும் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளைகள் பார்க்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம்; மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். அதே சட்டம், வசதியற்ற முதியோர் 150 பேராவது தங்கும் இல்லங்களை மாவட்டம்தோறும் அரசு அமைக்கலாம் என்கிறது. 'அமைக்க வேண்டும்' என்று எழுதியிருக்க வேண்டிய இடம் அது. மாதம் 18,000 கட்ட முடியாத குடும்பங்கள்தானே இந்த நாட்டில் அதிகம்?

திருக்கோகர்ணத்து வீட்டை அம்மா வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்தப் பணம் அவர் கணக்குக்கு வருகிறது. இல்லக் கட்டணத்தில் ஒரு பங்கை அவரே கட்டுகிறார். மீதியை நாங்கள் மூவரும் பிரித்துக்கொள்கிறோம். அங்கே எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். ரசம் சரியில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாள் இரவில் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அந்த மகன் வருவதில்லை. வெள்ளிக்கிழமை பிரகதாம்பாளைப் பார்க்க முடியாத குறை அம்மாவுக்கு உண்டு. மாதம் ஒருமுறையாவது எங்களில் ஒருவர் வந்து அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறோம். அருங்காட்சியகத்தைத் தாண்டி ஆட்டோ திரும்பும்போதே கன்னத்தில் போட்டுக்கொள்வார். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு, முதுகில் சிவந்த இடம் எப்படி இருக்கும், எங்கே தேடிப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

"மூணு புள்ளைக இருந்தும் இல்லத்துலயா?" என்று ஊரில் கேட்டார்கள். அம்மாவிடமே கேட்டார் ஒருவர். "நாந்தாம்பா கேட்டுப் போனேன்" என்றார் அம்மா. கேட்டவர் அதற்கு மேல் பேசவில்லை.

உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டியவர் இருந்தால், அவர் நடமாட்டத்தோடு இருக்கும் இப்போதே கேளுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு யாருக்கும் நல்லதாக அமைவதில்லை. எங்கே இருக்க விருப்பம், யார் தொட்டுக் குளிப்பாட்டினால் சம்மதம், படுத்தபின் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் எது வேண்டும் என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் கையெழுத்தோடு எழுதி வையுங்கள். அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிற பெண்ணையும் அதே அக்கறையோடு கேளுங்கள். இல்லம் பார்க்கப் போனால் அவரையும் அழைத்துப் போங்கள், கேள்வி கேட்க விடுங்கள். யாரைக் கேட்பது, எங்கே போவது என்றே தெரியாதவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணிவரை பேசலாம், கட்டணம் கிடையாது.